உயிருள்ள மூளையில் ஒரு நொதியை அளப்பது எப்படி: மாவோ-பி பெட் ஸ்கேன், முதல் அடியிலிருந்து

மூளையில் கட்டி இருக்கிறதா, எவ்வளவு பெரியது என்று எம்ஆர்ஐ சொல்லிவிடும். அதே மூளையில் டோபமைனைச் சிதைக்கும் நொதி இன்றைக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்று கேட்டால் கையை விரித்துவிடும். கல்லீரலாக இருந்தால் ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்து ஆய்வகத்தில் அளந்துவிடலாம், மூளையில் அது நடக்காது. இறந்தவர்களின் மூளையில் அளக்கலாம்தான், ஆனால் கடைசி நாட்களில் சாப்பிட்ட மருந்து, இறந்த பிறகு ஓடிய நேரம் எல்லாம் அந்த எண்ணில் கலந்திருக்கும்.

மிச்சமிருக்கும் வழி, அந்த நொதியைத் தேடிப் போகும் ஒரு மூலக்கூறில் கதிரியக்க அணு ஒன்றை ஒட்டி (இதைத்தான் ட்ரேசர் என்போம்), ரத்தத்தில் செலுத்தி, அது எங்கே போய் மாட்டிக்கொள்கிறது என்று பெட் ஸ்கேனரில் பார்ப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. படமும் அழகாக வரும். ஆனால் அந்தப் படத்தில் பிரகாசமாகத் தெரியும் இடத்தில் நொதி அதிகம் என்று எடுத்துக்கொண்டால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும், ஏனென்றால் ரத்தம் அதிகம் பாயும் இடமும் அப்படியேதான் தெரியும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதைப் பற்றித்தான். அணு மருத்துவம், மருந்தியல், நரம்பியல் படிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், கணக்கு வரும் இடத்தில் பெருக்கல் வகுத்தலுக்கு மேல் எதுவும் இல்லை.

உதாரணத்துக்கு மோனோஅமைன் ஆக்ஸிடேஸ்-பி, சுருக்கமாக மாவோ-பி என்ற நொதியை எடுத்துக்கொள்கிறேன். நியூயார்க் மாகாணத்தில் லாங் ஐலண்டில் இருக்கும் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் ஜோவன்னா ஃபௌலரும் அவரது குழுவும் இந்த நொதியை மனித மூளையில் அளக்கும் முறையை 1987-இல் வெளியிட்டார்கள். அதன் பிறகு அதே முறையைத் தாங்களே சந்தேகப்பட்டு, திருத்தி, மறுபடி சோதித்தார்கள். இந்தத் துறையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1. முதலில் நொதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாவோ என்பது மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் உட்கார்ந்திருக்கும் நொதி. ஏ, பி என்று இரண்டு வகை. ஏ வகை செரோடோனினையும் நார்அட்ரினலினையும் முக்கியமாகச் சிதைக்கும், பி வகைக்குப் பிடித்தது ஃபினைல்எத்தில்அமைன், டோபமைனை இரண்டுமே சிதைக்கும். மூளையில் மாவோ-பி பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணை செல்களிலும் செரோடோனின் நியூரான்களிலும் இருக்கிறது. டோபமைன் நியூரான்கள் அழியும் பார்க்கின்சன் நோயில் மாவோ-பி கூடவே அழிந்துவிடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம், அதைத் தடுக்கும் மருந்துகள் அங்கே பயன்படுவதும் அதனால்தான்.

இடங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலாமஸிலும் பேசல் கேங்லியாவிலும் அதிகம், புறணியிலும் சிறுமூளையிலும் நடுத்தரம், வெண்பொருளில் குறைவு. சுத்தமாக நொதியே இல்லாத பகுதி என்று மூளையில் எதுவும் இல்லை. இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பின்னால் தமனியில் ஊசி குத்த வேண்டி வருவது இதனால்தான்.

2. ட்ரேசரைத் தேர்ந்தெடுப்பது

நொதியை அளக்க மூன்று வகை ட்ரேசர்கள் உண்டு. எதை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் அளக்கும் பொருளே மாறிவிடும்.

ஒன்று, நொதியின் உணவு போல வேடமிட்டுப் போகும் மூலக்கூறு. நொதி அதை மாற்றிவிடும், மாறிய பொருள் செல்லைவிட்டு வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்ளும். புற்றுநோய் மருத்துவமனைகளில் தினமும் ஊசி போடும் எஃப்டிஜி இந்த வகைதான், ஹெக்சோகைனேஸ் நொதி அதன் மேல் பாஸ்பேட்டை ஒட்டியதும் செல்லுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அளக்க ஜப்பானின் சிபாவிலும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் உருவான ட்ரேசர்களும் இதே தந்திரம்.

இரண்டு, தற்கொலைத் தடுப்பான். நொதி இதையும் உணவென்று நினைத்து ஆக்ஸிஜனேற்றம் செய்யத் தொடங்கும், பாதி வழியில் அந்த மூலக்கூறு நொதியின் மையத்தில் இருக்கும் ஃபிளேவினோடு பிரிக்க முடியாதபடி பிணைந்துவிடும், நொதியும் அதோடு செத்தது. நொதி வேலை செய்தால்தான் பிணைப்பே உண்டாகும் என்பதைக் கவனியுங்கள். வேலை செய்யாத நொதி ட்ரேசரைப் பிடிக்காது. ஹங்கேரியில் ஜோசப் நோல் குழு உருவாக்கிய டெப்ரெனில், மருந்துக்கடையில் செலிஜிலின் என்று கிடைக்கும் அதே பார்க்கின்சன் மருந்து, மாவோ-பிக்கு இப்படிப்பட்டது. மாவோ-ஏ வகைக்கு குளோர்ஜிலின்.

மூன்று, வந்து ஒட்டிவிட்டுப் பிரிந்து போகும் ட்ரேசர்கள். மாவோ-ஏக்கு ஹார்மின் என்பது இப்படி. இவை அளப்பது நொதி எத்தனை இருக்கிறது என்பதை, எத்தனை வேலை செய்கிறது என்பதை நேரடியாக இல்லை. டொராண்டோ குழு 2006-இல் ஹார்மினை வைத்துத்தான் கடும் மனச்சோர்வு உள்ளவர்களின் மூளையில் மாவோ-ஏ சராசரியாக 34 சதவீதம் கூடுதல் என்று காட்டியது, ஆக இது மட்டமான வழி இல்லை. கேள்வி வேறு, அவ்வளவுதான்.

நமக்கு வேண்டியது வேலை செய்யும் நொதி, அதனால் டெப்ரெனில்.

3. வேகக் கணக்கு: இங்கே நின்று யோசிக்காமல் மேலே போகாதீர்கள்

ட்ரேசர் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் வேகத்தை கே1 என்போம், மூளையிலிருந்து ரத்தத்துக்குத் திரும்பும் வேகம் கே2, நொதி அதைப் பிடித்துப் பூட்டும் வேகம் கே3. பூட்டியது திரும்ப அவிழாது என்பதால் கே4 என்பது பூஜ்யம். நமக்கு வேண்டியது கே3 மட்டும்தான், வேலை செய்யும் நொதியின் அளவுக்கு ஏற்பக் கூடுவதும் குறைவதும் அதுதான். ஆனால் ஸ்கேனர் காட்டுவது மொத்தமாக எவ்வளவு சேர்ந்தது என்பதை. அந்த மொத்தச் சேர்ப்பு வேகத்தின் சூத்திரம் இது:

கேஐ = கே1 × கே3 ÷ (கே2 + கே3)

கே3 மிகப் பெரிதாக இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கீழே கே2 பொருட்டில்லாமல் போய், மேலும் கீழும் கே3 அடிபட்டு, மிச்சம் கே1 மட்டும் நிற்கும். அதாவது உள்ளே வந்ததெல்லாம் உடனே பிடிபட்டுவிடும், படம் காட்டுவது ரத்த ஓட்டத்தை மட்டும். ரேஷன் கடையில் ஆள் வர வர உடனே சர்க்கரை போட்டு அனுப்பிவிடுகிறார்கள் என்றால், நாள் முடிவில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற கணக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத்தான் சொல்லும், எடை போடுகிறவர் எவ்வளவு சுறுசுறுப்பு என்பதைச் சொல்லாது. வரிசை கொஞ்சம் தேங்கினால்தான் அவர் வேகம் தெரியவரும்.

டெப்ரெனிலில் நடந்தது இதேதான். மாவோ-பி அதை அவ்வளவு வேகமாகப் பிடித்தது, நொதி நிறைந்த தலாமஸ் போன்ற இடங்களில் எண்கள் ரத்த ஓட்டத்தையே பின்தொடர்ந்தன. இதற்கு புரூக்ஹேவன் குழு கண்டுபிடித்த வைத்தியம் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த ஒன்று: நொதி கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்கும் அந்த ஒரு கார்பனில் இருக்கும் இரண்டு ஹைட்ரஜனையும் எடுத்துவிட்டு டியூட்டீரியத்தை வைத்தார்கள். டியூட்டீரியம் ஹைட்ரஜனைப் போல இரண்டு மடங்கு கனம், கார்பனோடு அதன் பிணைப்பை உடைக்க அதிக ஆற்றல் வேண்டும், அதனால் நொதியின் வேலை மெதுவாகும். மூளைக்குள் நுழைவது, வெளியேறுவது, கொழுப்பில் கரைவது எதுவும் பெரிதாக மாறாது. கே3 மட்டும் இறங்கும். டெப்ரெனில்-டி2 என்று இதற்குப் பெயர்.

எவ்வளவு வித்தியாசம் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே இருப்பவை விளக்கத்துக்காக நான் வைத்த எண்கள், யாருடைய மூளையிலும் அளந்தவை இல்லை. கே1 0.5, கே2 0.1 என்று வைப்போம். சாதாரண டெப்ரெனிலுக்கு கே3 0.2, டி2-க்கு 0.05.

சாதாரணத்தில் கேஐ 0.333 வருகிறது. நோய் வந்து நொதி பாதியாகிவிட்டது என்று கே3-ஐ 0.1 ஆக்கினால் கேஐ 0.25. நொதி 50 சதவீதம் போய்விட்டது, படத்தில் இறங்கியது 25 சதவீதம்தான். டி2-வில் 0.167 இருந்தது 0.1 ஆகிறது, 40 சதவீத இறக்கம், உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

இப்போது நொதியைத் தொடாமல் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, கே1, கே2 இரண்டையும் பாதியாக்குங்கள். சாதாரணத்தில் கேஐ 0.333-லிருந்து 0.2-க்கு விழுகிறது, அதாவது நொதி அப்படியே இருக்கும்போது 40 சதவீதம் பொய்யான இறக்கம். டி2-வில் 0.167-லிருந்து 0.125, 25 சதவீதம். பொய் குறைந்தது, ஆனால் போகவில்லை. போக்குவதற்கு என்ன செய்வது என்பது எட்டாவது அடியில் வருகிறது.

ஆனால் மெதுவாக்குகிறோம் என்று அளவில்லாமல் மெதுவாக்கினாலும் ஆபத்துதான். ட்ரேசரில் ஒட்டிய கதிரியக்க அணுவான கார்பன்-11 தீர்ந்துபோவதற்குள் போதுமான ட்ரேசர் பூட்டப்படாவிட்டால் படத்தில் பொருளற்ற இரைச்சல்தான் மிஞ்சும்.

4. தயாரிப்பு

கார்பன்-11-இன் அரை ஆயுள் 20.4 நிமிடம். 40 நிமிடத்தில் கால்வாசி, ஒரு மணி நேரத்தில் 13 சதவீதம் மிச்சம். ஆகவே அதைத் தயாரிக்கும் துகள் முடுக்கியான சைக்ளோட்ரான் அதே கட்டடத்தில், அதிகம் போனால் அதே வளாகத்தில் இருக்க வேண்டும். வேறு ஊரில் தயாரித்த எஃப்டிஜியைக் காரில் வரவழைத்து ஸ்கேன் செய்யும் மையத்தில் இது சாத்தியமில்லை, ஃப்ளோரின்-18-க்கு கிட்டத்தட்ட 110 நிமிட அரை ஆயுள் இருப்பதால்தான் அந்தக் கார் பயணமே நடக்கிறது.

வேலை இப்படிப் போகும். சிறிதளவு ஆக்ஸிஜன் கலந்த நைட்ரஜன் வாயுவின் மேல் புரோட்டான் கற்றையை அடித்தால் கார்பன்-11 பிறந்து கார்பன் டை ஆக்சைடாக வெளிவரும். அதை மெத்தில் அயோடைடாக மாற்றி, மெத்தில் தொகுதி இல்லாத நார்டெப்ரெனிலோடு வினைபுரிய விட்டால் நைட்ரஜனில் கதிரியக்க மெத்தில் போய் உட்காரும். டி2 வேண்டுமென்றால் டியூட்டீரியம் ஏற்கெனவே ஏறிய நார்டெப்ரெனிலில் தொடங்க வேண்டும். எச்பிஎல்சி என்ற வேதிப் பிரிப்புக் கருவியில் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கி, உப்புநீரில் கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாகக் குப்பிக்குள். எல்லாம் ஈயச் சுவர் போட்ட அறைக்குள், தானியங்கிக் கருவியில்.

தரச் சோதனையில் கதிர்வேதித் தூய்மை, அமிலத்தன்மை, எண்டோடாக்ஸின் என்ற பாக்டீரியா நச்சு, வடிகட்டி கிழியாமல் இருந்ததா, அரை ஆயுள் 20 நிமிடப் பக்கம்தானா எல்லாம் பார்க்க வேண்டும். கிருமி வளர்கிறதா என்ற சோதனைக்கு 14 நாள் ஆகும், அதற்குள் ட்ரேசர் என்ற ஒன்றே இருக்காது, எனவே அது ஊசி போட்ட பிறகுதான் முடியும். முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு இது திகிலாக இருக்கும். அதனால்தான் தயாரிப்பு முறையையே முன்கூட்டிப் பலமுறை ஓட்டி, கிருமியற்று வருகிறது என்று நிரூபித்து வைத்திருக்க வேண்டும் என்ற விதி.

ஒரு எண்ணை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: மோலார் கதிரியக்கம், அதாவது ஒரு மைக்ரோமோல் டெப்ரெனிலில் எத்தனை கிகாபெக்கரல் கதிரியக்கம். காற்றிலும் குழாயிலும் இருக்கும் சாதாரண கார்பன் கலந்துவிடுவதால் எப்போதும் கதிரியக்கமில்லாத டெப்ரெனிலும் கூடவே வரும். மைக்ரோமோலுக்கு 50 கிகாபெக்கரல் கிடைத்தது என்று வையுங்கள், 370 மெகாபெக்கரல் ஊசியில் 7.4 நானோமோல், எடையில் சுமார் 1.4 மைக்ரோகிராம் இருக்கும். செலிஜிலின் மாத்திரை 5 மில்லிகிராம். மூவாயிரம் மடங்குக்கு மேல் சிறியது, எனவே நீங்கள் அளக்க வந்த நொதியை நீங்களே கொன்றுவிட மாட்டீர்கள். இந்தக் கணக்கை ஒவ்வொரு தொகுப்புக்கும் போட வேண்டும்.

5. யாரை ஸ்கேன் செய்யலாம்

மற்ற பெட் ஆய்வுகளைவிட இங்கே இது கடுமையானது. செலிஜிலின், ரசாஜிலின் சாப்பிட்டவர்களின் மாவோ-பி செத்துக் கிடக்கும், மருந்தை நிறுத்தினாலும் உடம்பு புது நொதியைத் தயாரித்தால்தான் மீளும். ஃபௌலர் குழு பார்க்கின்சன் நோயாளிகளிடம் அளந்தபோது மனித மூளையில் நொதி பாதி மீள சுமார் 40 நாள் ஆகும் என்று கண்டார்கள். அப்படியானால் 80 நாளில் முக்கால்வாசி, 120 நாளில் 87.5 சதவீதம். மருந்து ரத்தத்திலிருந்து மறைய ஓரிரு நாள்தானே என்று நினைத்து இரண்டு வாரம் கழித்து ஸ்கேனுக்குக் கூப்பிட்டால் எண் பாதிகூட வராது. சஃபினமைடு என்ற மாவோ-பி மருந்து மட்டும் வேறு, அது பிரிந்து போகும் வகை.

அடுத்தது புகை. 1996-இல் புரூக்ஹேவன் குழு, புகைப்பவர்களின் மூளையில் மாவோ-பி, புகைக்காதவர்களையும் விட்டுவிட்டவர்களையும்விட 40 சதவீதம் குறைவு என்று வெளியிட்டது. அதே ஆண்டில் மாவோ-ஏயும் 28 சதவீதம் குறைவு என்று வந்தது. நிகோட்டின் இதைச் செய்வதில்லை, புகையில் இருக்கும் வேறு பொருட்கள்தான் செய்கின்றன. புகைக்காத ஒருவர் ஒரே ஒரு சிகரெட் பிடித்தால் அளக்கும்படி எதுவும் குறையவில்லை என்பதையும் அவர்களே சோதித்துச் சொன்னார்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பார்க்கின்சன் நோயாளிகளில் புகைப்பவர்கள் பொதுவாகக் குறைவு. புகைப் பழக்கத்தைக் கேட்காமல் நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டால், நோயாளிகளுக்கு மாவோ-பி அதிகம் என்று ஒரு "கண்டுபிடிப்பு" தானாகவே வந்து விழும். அதன் மேல் வயதும் இருக்கிறது, வயது ஏற ஏற மாவோ-பி கூடும். எனவே குழுக்களை வயது, பாலினம், புகை மூன்றிலும் பொருத்துங்கள், புகைப்பதில்லை என்று சொல்பவரிடமும் மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்த்துவிடுங்கள்.

ஒப்புதல் கடிதத்தில் கதிர்வீச்சு அளவைத் தெளிவாக எழுத வேண்டும். 370 மெகாபெக்கரல் கார்பன்-11 ட்ரேசருக்கு சுமார் 2 மில்லிசீவர்ட் அளவில் வரும். இயற்கையிலிருந்து ஒரு மனிதர் ஆண்டுக்குப் பெறும் உலக சராசரி 2.4 என்பதைப் பக்கத்தில் எழுதினால் அவர்களுக்குப் புரியும். கர்ப்பிணிகள் கூடாது, அதில் பேச்சே இல்லை.

6. ஸ்கேன் நாள்

காலையில் முதல் வேலை கடிகாரங்கள். சைக்ளோட்ரான் அறை, ஊசி அறை, ஸ்கேனர், ரத்தக் கவுண்டர் நான்கும் ஒரே நேரம் காட்ட வேண்டும். ஒரு நிமிடம் தப்பினால் கார்பன்-11-இல் 3.4 சதவீதப் பிழை. நூறு ரூபாய் கடிகாரத்தால் கோடி ரூபாய் ஸ்கேன் கெட்டுப்போவது இப்படித்தான். கூடவே ரத்தக் கவுண்டரும் ஸ்கேனரும் ஒரே கரைசலைக் கொடுத்தால் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

ஒரு கையின் சிரையில் ஊசி, மறு கையின் மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாய். தமனியில் போடும் முன் அலென் சோதனை செய்து, அந்தத் தமனி அடைபட்டாலும் கைக்கு மறு தமனி ரத்தம் கொடுக்கும் என்று உறுதி செய்ய வேண்டும், மரத்துப்போகும் மருந்தும் போட வேண்டும், இதில் அனுபவமுள்ள மருத்துவர் மட்டும் கை வைக்கட்டும். தலையை அசையாமல் வைக்க வார்ப்பு முகமூடி அல்லது பட்டை. முதலில் சிறு சிடி, திசு எவ்வளவு கதிரை விழுங்குகிறது என்ற திருத்தத்துக்கு.

ஊசியும் ஸ்கேனும் ஒரே நொடியில் தொடங்கட்டும். கார்பன்-11 வெளிவிடும் பாசிட்ரான் பக்கத்திலேயே ஒரு எலக்ட்ரானோடு மோதி அழிந்து, எதிரெதிர் திசையில் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்கள் இரண்டு கிளம்பும், வளையத்தின் இரு பக்கமும் ஒரே சமயத்தில் பட்டால் ஒரு எண்ணிக்கை. முதல் பத்து நிமிடத்துக்கு நிமிடம் ஒரு படம், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, மொத்தம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் எல்லாம் வேகமாக மாறுவதால் அங்கே சிறு துண்டுகள் வேண்டும், பின்னால் எண்ணிக்கை தேய்வதால் பெரியவை.

7. ரத்தம்

மூளைக்குள் எவ்வளவு வந்தது என்பதற்கு எவ்வளவு அனுப்பினோம் என்ற கணக்கு வேண்டும். நொதியே இல்லாத பகுதி ஒன்று இருந்திருந்தால் அதை ஒப்பீட்டுக்கு வைத்துத் தமனிக் குழாயைத் தவிர்த்திருக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை.

முதல் ஒன்றரை இரண்டு நிமிடம் சில விநாடிக்கு ஒரு மாதிரி, ஏனென்றால் ஊசி போட்ட அலை அப்போதுதான் உச்சிக்குப் போய் இறங்கும். அந்த உச்சியைத் தவறவிட்டால் கே1 பாழ். பிறகு நிமிடத்துக்கு ஒன்று, அப்புறம் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று. மாதிரியைச் சுழற்றி பிளாஸ்மாவைப் பிரித்து எண்ணுங்கள்.

இத்தோடு முடியவில்லை. கல்லீரல் டெப்ரெனிலை வேகமாக உடைக்கும், உடைந்த துண்டுகளிலும் கார்பன்-11 இருக்கும். நைட்ரஜன் மேல் உட்கார்ந்த மெத்திலில் நாம் குறி வைத்ததால், புரோபார்ஜில் பக்கம் உடைந்து விழுந்தாலும் மிச்சம் கதிரியக்கத்தோடு இருக்கும், அது எல்-மெத்தாம்ஃபெட்டமின். கவுண்டருக்கு அதுவும் டெப்ரெனிலும் ஒன்றுதான். ஆகவே ஐந்தாறு நேரப்புள்ளிகளில் பிளாஸ்மாவை எச்பிஎல்சி-யிலோ திடநிலைப் பிரிப்பிலோ போட்டு, உடையாத டெப்ரெனில் எத்தனை சதவீதம் என்று கண்டு, வளைகோடு போட்டு மொத்தத்தைப் பெருக்க வேண்டும். கடைசி மாதிரிகளில் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும், அதனால் அதிக பிளாஸ்மா எடுங்கள், முதலில் எண்ணுங்கள், பேச்சு பிறகு.

8. எண்ணாக்குவது

படங்களை மீளமைத்து, தலை அசைந்திருந்தால் சரிசெய்து, அதே நபரின் எம்ஆர்ஐ மேல் பொருத்தி, தலாமஸ், புட்டமென், புறணி, சிறுமூளை, வெண்பொருள் என்று பகுதிகளை வரைந்து, ஒவ்வொன்றிலும் நேரத்துக்கு எதிராகக் கதிரியக்க வளைகோடு எடுங்கள். இதெல்லாம் எந்த மூளை பெட்டிலும் உள்ளதுதான். வயதானவர்களின் மூளை சுருங்கியிருந்தால் பகுதிப் பருமன் திருத்தம் (பக்கத்துத் திசுவோடு சமிக்ஞை கலப்பதைச் சரிசெய்வது) மறக்க வேண்டாம், ஸ்கேனரின் கூர்மை சில மில்லிமீட்டர்தான்.

பிறகு பிளாஸ்மா வளைகோட்டை உள்ளீடாக வைத்து கே1, கே2, கே3 மூன்றையும் பொருத்துங்கள், மூளைக்குள் ரத்தக்குழாய்களின் பங்கு 4 அல்லது 5 சதவீதம் என்று சேர்த்து. பட்லக் வரைபடம் போட்டால் நேர்கோட்டின் சாய்வு நேரடியாக கேஐ கொடுக்கும், எளிது, ஆனால் மேலே பார்த்த ரத்த ஓட்டக் கலப்படம் அதில் அப்படியே இருக்கும். பட்லக் கோடு நேராக வருகிறது என்று மகிழ்வதில் தப்பில்லை, பூட்டு அவிழவில்லை என்பதற்கு அது சாட்சி. அதையே முடிவாக எழுதிவிடாதீர்கள்.

கே3-ஐத் தனியாக எடுத்தால் கே2-வோடு சேர்ந்து ஆடும், ஒருவருக்கே இரண்டு முறை ஸ்கேன் செய்தால் எண் தாவும். புரூக்ஹேவன் குழு தேர்ந்தெடுத்தது லாம்டா-கே3, லாம்டா என்பது கே1-ஐ கே2-ஆல் வகுத்தது. ரத்த ஓட்டம் பாதியானால் கே1, கே2 இரண்டும் சேர்ந்தே பாதியாகும், வகுத்தால் அடிபட்டுப்போகும். மூன்றாவது அடியின் எண்களைப் போட்டுப் பாருங்கள்: டி2-வுக்கு லாம்டா 5, கே3 0.05, பெருக்கினால் 0.25. ரத்த ஓட்டத்தைப் பாதியாக்கினாலும் 0.25. நொதியைப் பாதியாக்கினால் 0.125.

அப்படியானால் டியூட்டீரியமே வேண்டாமே, சாதாரண டெப்ரெனிலிலேயே லாம்டா-கே3 எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். தாளில் முடியும். நிஜத்தில் கே3 பெரிதாக இருக்கும்போது தரவில் அதைப் பற்றிய தகவலே கொஞ்சம்தான் இருக்கும், கணினி ஏதோ ஒரு எண்ணைக் கொடுக்கும், அதை நம்ப முடியாது.

9. இது நொதிதானா என்று சோதிப்பது

புதிய ட்ரேசரோ புதிய மையமோ, இந்த அடியைத் தாண்டிப் போகவே கூடாது. மூன்று சோதனைகள்.

கண்ணாடிப் பிம்ப மூலக்கூறு: டி-டெப்ரெனில் எடையிலும் கரைதிறனிலும் எல்-டெப்ரெனில் மாதிரியேதான், நொதிக்கு மட்டும் பிடிக்காது. 1987 ஆய்வில் அது மூளைக்குள் போய் வேகமாக வெளியே வந்துவிட்டது, எல் வடிவம் மாவோ-பி நிறைந்த இடங்களில் தங்கியது. எழுத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இங்கே டி என்பது திசை, டி2 என்பது டியூட்டீரியம்.

தடுப்பு: நொதியை மருந்தால் முன்கூட்டித் தடுத்துவிட்டு ஸ்கேன் செய்வது. அதே 1987 ஆய்வில் ஃபினல்சின் என்ற மனச்சோர்வு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் எல்-டெப்ரெனில், குளோர்ஜிலின் என்ற இரண்டு ட்ரேசர்களும் பெரிதாகக் குறைந்து தெரிந்தன.

ஐசோடோப்பு: ஹைட்ரஜன் வடிவம், டியூட்டீரியம் வடிவம் இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் இரண்டு மணி நேர இடைவெளியில் செலுத்தலாம், முந்தையதில் 2 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கும். எங்கே சேர்ப்பு குறைகிறதோ அங்கே பிடித்தது நொதி. எங்கே குறையவில்லையோ அங்கே வேறு ஏதோ பிடித்திருக்கிறது. குளோர்ஜிலினில் இந்தச் சோதனைதான் காட்டிக்கொடுத்தது: வெண்பொருளில் தங்கியிருந்த ட்ரேசரில் டியூட்டீரியம் எந்த மாற்றமும் செய்யவில்லை, அது மாவோ-ஏயே இல்லை.

இந்தச் சோதனைகளை ஒத்திப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு டிஎச்கே5351 கதையைப் படியுங்கள். அல்சைமர் நோயில் சேரும் டாவ் புரதத்தைக் காட்டும் ட்ரேசர் என்று அது வந்தது, படங்களும் பிரமாதமாக இருந்தன. 2017-இல் செலிஜிலின் கொடுத்துவிட்டு ஸ்கேன் செய்து பார்த்தபோது மூளை முழுக்க சமிக்ஞை கணிசமாக விழுந்தது. டாவ் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் பெரிய பங்கு மாவோ-பி.

10. எதை எடுத்து எழுதலாம், எதை எழுதக்கூடாது

லாம்டா-கே3 40 சதவீதம் குறைந்தால் "வேலை செய்யும் மாவோ-பி 40 சதவீதம் குறைவு" என்று எழுதலாம். "டோபமைன் 40 சதவீதம் கூடியது" என்று எழுத முடியாது, டோபமைனைச் சிதைக்க மாவோ-ஏயும் வேறு நொதிகளும் இருக்கின்றன, நாம் அளந்தது அதை இல்லை. ஆஸ்ட்ரோசைட்கள் பெருகியதால் நொதி கூடியதா, ஒவ்வொரு செல்லிலும் கூடியதா என்பதையும் இந்த ஸ்கேன் தனியாகப் பிரித்துக் காட்டாது.

மூளைக்கு மட்டும் என்று நினைக்கவும் வேண்டாம். அதே ட்ரேசரால் உடம்பைப் பார்த்தபோது புகைப்பவர்களின் இதயம், நுரையீரல், சிறுநீரகம், மண்ணீரல் எல்லாவற்றிலும் மாவோ-பி குறைந்திருந்தது என்று 2003-இல் வெளியிட்டார்கள்.

சைக்ளோட்ரான் இல்லாத மையத்தில் இருப்பவர்கள் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த எஸ்எம்பிடி-1 பக்கம் பார்க்கலாம். ஃப்ளோரின்-18 என்பதால் வெளியிலிருந்து வரவழைக்க முடியும், பிறந்ததும் அந்த டிஎச்கே5351 குடும்பத்தில்தான். ஆனால் அது பிரிந்து போகும் வகை. உங்கள் கேள்வி நொதி எத்தனை இருக்கிறது என்பதாக இருந்தால் தாராளமாக அதை எடுங்கள். எத்தனை வேலை செய்கிறது என்பதாக இருந்தால் டெப்ரெனில்-டி2-வும், அதோடு கூடவே வரும் தமனிக் குழாயும்தான்.